ஒரு பாட்டில் ஏத்திவிடுங்க, டாக்டர்!

நம் ஜனங்களுக்கு மாத்திரை மேல் கால் நம்பிக்கை, ஊசி மேல் அரை நம்பிக்கை, பாட்டில் மேல்தான் முழு நம்பிக்கை. காய்ச்சலா, ஒரு பாட்டில். பிள்ளை பெற்ற அசதியா, ஒரு பாட்டில். கல்யாண வீட்டில் நாலு நாள் ஓடியாடி இடுப்பு விட்டுப் போச்சா, அதற்கும் ஒரு பாட்டில். "ரெண்டு பாட்டில் குளுகோஸ் ஏத்தினாங்க, அப்புறம்தான் கண்ணே தெரிஞ்சுது" என்று சொல்லாத பெண்மணி எங்கள் தெருவில் இல்லை. டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாலோ கோபம் வேறு. "இவருக்கு என்ன தெரியும்? அடுத்த தெரு டாக்டர் கேட்ட உடனே போட்டுவிடுவாரு" என்று நடையைக் கட்டிவிடுகிறோம்.

இந்த இதழில் அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் எழுதப் போகிறேன், சகோதரிகளே. காரணம் உண்டு. போன ஆடி மாதம் என் ஓர்ப்படி ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் சொந்தக்காரர்களுக்கு, உள்ளே பாட்டில் ஏறினால் நிம்மதி, கழற்றினால் அழுகை! அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டதும், வந்த பிறகு என் மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டதுமாக நிறையச் சேர்ந்திருக்கிறது.

முதலில் பாட்டிலுக்குள் என்னதான் இருக்கிறது? பலசரக்குக் கணக்கு மாதிரி பார்த்துவிடலாம். 'ஐந்து சதவிகித டெக்ஸ்ட்ரோஸ்' என்று எழுதியிருக்கும் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நம் வீட்டு டீஸ்பூனால் அளந்தால் ஐந்து, ஆறு ஸ்பூன். அதிலிருந்து கிடைக்கும் சக்தி நூறு கலோரிக்குள். இரண்டு இட்லி சாப்பிட்டால் அது வந்துவிடும், சட்னி இலாபம்! இன்னொன்று, 'நார்மல் சலைன்' என்பது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 9 கிராம் உப்பு. அவ்வளவுதான், வேறு சத்து ஏதும் கிடையாது. மூன்றாவது, 'ரிங்கர் லாக்டேட்' என்கிறார்களே, அதில் உப்போடு கொஞ்சம் பொட்டாசியம், கால்சியம், லாக்டேட் எல்லாம் சேர்ந்திருக்கும்.

இந்த ரிங்கர் என்பவரின் கதை வேடிக்கையானது. சிட்னி ரிங்கர், லண்டனில் டாக்டராக இருந்தவர். 1882-ஆம் வருஷ வாக்கில் தவளையின் இருதயத்தை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டு, எத்தனை நேரம் துடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகத் துடித்தது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரில் உப்பு கரைத்ததாக நினைத்திருந்தார், கரைத்ததோ சாதாரணக் குழாய்த் தண்ணீரில்! சுத்தமான தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் துடிப்பு சீக்கிரமே ஓய்ந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்துதான் இருதயத்தைத் துடிக்க வைத்திருக்கிறது. பிறகு 1930-களில் அமெரிக்காவில் ஹார்ட்மன் என்ற குழந்தை வைத்தியர் அதில் லாக்டேட்டையும் சேர்த்தார். இன்றைக்கும் அதே பாட்டில்தான் நம் ஊர் ஆஸ்பத்திரிக் கம்பிகளில் தொங்குகிறது.

ஆனால் உப்புத் தண்ணீர்தானே என்று இளப்பமாக நினைக்கவும் கூடாது. 1832-இல் ஐரோப்பாவில் காலரா பரவியபோது ஸ்காட்லாந்தில் லீத் என்ற துறைமுக ஊரில் தாமஸ் லாட்டா என்ற டாக்டர், நாடி விழுந்து கண் செருகிப்போன ஒரு வயதான அம்மாளுக்குக் கை இரத்தக் குழாயில் உப்புத் தண்ணீரை ஏற்றினார். அரை மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேலேயே போயிற்று. குழிந்த கண் நிமிர்ந்து, கை சூடேறி, அந்த அம்மாள் பேச ஆரம்பித்தாராம்! லாட்டா அவரை அங்கிருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கொஞ்சம் ஓய்வெடுக்கப் போனார். வாந்தியும் பேதியும் மறுபடி வந்து, மறுபடி ஏற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. காலராவில் இரத்தத்திலுள்ள தண்ணீரும் உப்பும் வற்றிப் போகின்றன என்று அதற்கு முன்பே சோதித்துச் சொன்னவர் வில்லியம் புரூக் ஓஷானெஸ்ஸி. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதுதான். பிற்பாடு கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பாடம் சொன்னார், இந்தியாவில் தந்திக் கம்பி போட்டதும் அவரே. மனுஷர் சும்மா இருந்திருக்க மாட்டார் போலிருக்கிறது!

ஆக, வாந்தி பேதியில் வற்றிப்போன உடம்புக்கு இந்தத் தண்ணீர் அமிர்தம். அதில் சந்தேகமே இல்லை. வற்றாத உடம்புக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

தீவிர சிகிச்சைப் பிரிவில் டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதில்தான். அங்கே அவர்கள் கவலைப்படுவது தண்ணீரைப் பற்றி மட்டும் இல்லை, ஆக்ஸிஜனைப் பற்றி. உடம்பில் ஒவ்வொரு அணுவுக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேர வேண்டும். மூளை, குடல், சிறுநீரகம், கால் கட்டைவிரல் நுனி எல்லாவற்றுக்கும்தான்.

நான் பிறந்தது தஞ்சை ஜில்லாவின் கடைமடைக் கிராமம். ஜூன் மாதம் மேட்டூர் திறந்தாச்சு, கல்லணை திறந்தாச்சு என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். எங்கள் அப்பா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். "அங்கே 120 அடி நின்னா எனக்கென்ன? நம்ம வாய்க்காலுக்கு வந்துதா, அதைச் சொல்லு" என்பார். உடம்பிலும் அப்படித்தான். இரத்த அழுத்தம் என்பது மேட்டூர் நீர்மட்டம் மாதிரி. அது நன்றாக இருந்தும் கடைமடை காய்ந்து கிடக்கலாம். தலைமுடியைவிட மெல்லிய கோடிக்கணக்கான நுண் குழாய்கள்தான் உடம்பின் கடைமடை. ஆக்ஸிஜன் இரத்தத்தை விட்டு இறங்கி அணுவுக்குள் போவது அங்கேதான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆக்ஸிஜனைச் சுமப்பது இரத்தத்தின் சிவப்புச் சத்தான ஹீமோகுளோபின். அது 15 கிராம் இருக்கிறவருக்கு 100 மில்லி இரத்தம் சுமார் 20 மில்லி ஆக்ஸிஜனைச் சுமக்கும். இருதயம் நிமிஷத்துக்கு சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. பெருக்கினால் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் ஆக்ஸிஜன் புறப்பட்டுப் போகிறது. உடம்பு சும்மா படுத்திருக்கும்போது செலவழிப்பது அதில் கால் லிட்டர்தான். முக்கால் பங்கு கைவசம் மிச்சம்! பகவான் நல்ல குடித்தனக்காரர், ஆபத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இருக்கிற பெண்ணுக்குப் புறப்படுவதே பாதிதான். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல சர்வேயில், நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்த சோகை என்று வந்ததே, அவர்கள் எல்லாரும் இந்தக் கையிருப்பைக் குறைத்துக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

கொரோனா வந்த 2020-லிருந்து விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் நமக்கெல்லாம் பழக்கமாகிவிட்டது. அதில் 98 என்று வந்தால் சந்தோஷப்படுகிறோம். இருக்கிற வண்டிகளில் 98 சதவிகிதம் சுமை ஏறியிருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். எத்தனை வண்டி இருக்கிறது என்று அது சொல்லாது. வண்டி கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் சொல்லாது. ஹீமோகுளோபின் 5 இருக்கிற பெண்ணுக்கும் 98 காட்டும்!

இப்போது சலைனுக்கு வாருங்கள். அதில் ஹீமோகுளோபின் ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. அந்தத் தண்ணீரில் கரையக்கூடிய ஆக்ஸிஜன், சாதாரணக் காற்றை சுவாசிக்கிறவருக்கு, 100 மில்லிக்கு அரை மில்லிகூடத் தேறாது. பின்னே ஏன் ஏற்றுகிறார்கள் என்றால், இரத்தத்தை ஓட வைப்பதற்காக. இருதயத்துக்குள் இரத்தம் நிறைந்து வந்து அதன் சுவர் கொஞ்சம் விரிந்தால்தான் பலமாகச் சுருங்கித் தள்ளும். வற்றிப்போனவருக்கு அரை லிட்டர் போட்டால், நாடி தூக்கிக் கொடுக்கும். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. அளவுக்கு மேல் விரிந்தால், மேலே மேலே ஊற்றுவதால் இருதயம் கூடுதலாகத் தள்ளாது. தண்ணீர் மட்டும் தேங்கும், இரத்தம் நீர்த்துப் போகும். கெட்டிக் குழம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் பாத்திரம் நிறையும், குழம்பு ருசிக்குமா?

என் ஓர்ப்படி விஷயத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, பத்து வருஷமாகச் சர்க்கரை. நாலு நாளாக நீர்க்கடுப்பு, சொல்லவில்லை. நம் பெண்கள் இதையெல்லாம் எங்கே சொல்கிறோம்! ஐந்தாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் குளிர் ஜுரம், பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் இரத்த அழுத்தம் மேல் எண்ணே 70. சிறுநீரில் இருந்த கிருமி இரத்தத்தில் கலந்து 'செப்டிக் ஷாக்' என்றார்கள். இதில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து அகன்றுவிடும், ஓட்டைப் பாத்திரம் மாதிரி கசியவும் ஆரம்பிக்கும். உடனே கிருமிக்கு மருந்தும், கூடவே பாட்டில் மேல் பாட்டிலாகச் சலைனும் ரிங்கரும் போட்டார்கள். எடைக்குக் கிலோவுக்கு 30 மில்லி என்பது முதல் மூன்று மணி நேரத்துக்கு உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அக்கா 55 கிலோ, ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேல். அதற்கப்புறமும் அழுத்தம் நிற்காததால், குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நார்-அட்ரினலின் என்ற மருந்தைச் சின்ன பம்பில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் லேடி டாக்டர் வெளியே வந்து, "லாக்டேட் ஐந்து இருக்கும்மா" என்றார். இரண்டுக்குள் இருக்க வேண்டுமாம். அணுவுக்கு ஆக்ஸிஜன் போதாவிட்டால், அது ஆக்ஸிஜன் இல்லாமலே சர்க்கரையை அரைகுறையாக எரித்துச் சமாளிக்கும். அதில் மிஞ்சுவது லாக்டேட். வேகமாக மாடி ஏறினால் தொடை கடுக்கிறதே, அப்போது தொடையில் சேருவதும் இதுதான். (ரிங்கர் பாட்டிலில் உள்ள லாக்டேட்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல கல்லீரல் அதை மாற்றி அமிலத்தைத் தணிக்கத்தான் பயன்படுத்திக்கொள்ளும்.) லாக்டேட் ஏறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், கடைமடை காய்கிறது என்று முதலில் ஓலை அனுப்புவது அதுதான்.

மறுநாள் லாக்டேட் மூன்றாகியது. மூன்றாம் நாள் காலை அக்கா கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். ஆனால் முகம் ஊதிப் போய், வளையல் சதைக்குள் புதைந்துவிட்டது. நர்ஸ் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழற்றினார். அன்றைக்குத்தான் பாட்டிலை எடுத்துவிட்டு, சிறுநீர் பிரிய ஊசி போட்டார்கள். வந்ததே பாருங்கள் ரகளை! அக்காவின் தம்பி, "நேத்து பணம் கட்ட லேட் ஆச்சுல்ல, அதான் பாட்டிலைக் கழட்டிட்டாங்க" என்று கத்துகிறார். மாமியார், "மூணு நாளா வாயில பச்சைத் தண்ணி படல, குளுகோஸும் இல்லேன்னா எம் மருமக எப்படிப் பொழைப்பா" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று வண்டி பேசுகிற அளவுக்குப் போய்விட்டது. மூக்கில் குழாய் வைத்து வயிற்றுக்கு உணவு போய்க்கொண்டிருந்தது அவர்களில் யாருக்கும் தெரியாது.

நான் போய் அந்த லேடி டாக்டரிடம், "கோபிச்சுக்காதீங்கம்மா, ஏன் நிறுத்தினீங்கன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டேன். சின்னப் பெண், முப்பது வயது இருக்கும். இராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்திலேயே எழுதியிருந்தது. சலித்துக்கொள்ளாமல் சொன்னார். "நீங்க ஊத்தற ஒரு லிட்டர்ல, ஒரு மணி நேரம் கழிச்சு இரத்தக் குழாய்க்குள்ள நிக்கறது கால் லிட்டர்தாம்மா. மிச்சம் சதையில இறங்கிடும். இவங்களுக்குக் குழாய் கசியறதால இன்னும் ஜாஸ்தி இறங்கும். கையில வீங்கினது கண்ணுக்குத் தெரியுது. அதே மாதிரி நுரையீரலும், குடலும், கிட்னியும் உள்ள வீங்கும். அணுவுக்கும் இரத்தத்துக்கும் நடுவுல தண்ணி நின்னா ஆக்ஸிஜன் எப்படிப் போகும்?"

எனக்குச் சட்டென்று எங்கள் வயல்தான் ஞாபகம் வந்தது. காய்ந்த பயிருக்குத் தண்ணீர் உயிர். ஐப்பசி மழையில் வயல் மூழ்கி, வடிய வழியில்லாமல் ஒரு வாரம் நின்றால் அதே பயிர் அழுகுகிறது. வேருக்கு மூச்சு முட்டித்தானே அழுகுகிறது! மாமியாரிடம் அதையே சொன்னேன். "வடிகால் வெட்டிவிட்டிருக்காங்க அத்தை" என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. வண்டிக்காரனுக்கு அம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினோம். அக்கா ஆறாம் நாள் வார்டுக்கு வந்தார். நடக்கப் பலம் வர இரண்டு மாதம் பிடித்தது, இப்போது தேவலை.

டாக்டர்களுக்கே இது சமீபத்தில்தான் தெளிவாகியிருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி பெரிய பரபரப்பை உண்டாக்கியது. ஆப்பிரிக்காவில் உகாண்டா, கென்யா, டான்ஸானியா மூன்று நாடுகளில், கடும் காய்ச்சலோடு கை கால் சில்லிட்டு வந்த 3141 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். சிலருக்கு வேகமாகச் சலைன், சிலருக்கு வேகமாக ஆல்புமின், சிலருக்கு வேகமாக ஏதும் ஏற்றாமல் மற்ற சிகிச்சைகள் மட்டும். பாட்டில் ஏற்றியவர்கள்தான் அதிகம் பிழைப்பார்கள் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இரண்டு நாளில் பார்த்தால், ஏற்றிய குழந்தைகளில் நூற்றுக்குப் பத்தரை இறந்திருந்தன, ஏற்றாதவர்களில் ஏழு சொச்சம். படிக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா, மூன்றில் ஒன்றுக்கு ஹீமோகுளோபின் ஐந்துக்கும் கீழே. ஆக்ஸிஜன் சுமக்க ஆளில்லாத இரத்தத்தில் தண்ணீரையும் சேர்த்தால்? பின்னால் அலசிப் பார்த்தபோது, இருதயம் தளர்ந்து போனதால் நேர்ந்த மரணங்களே அதிகம் என்று தெரிந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வாந்தி பேதியால் வற்றிய குழந்தைகளை அந்த ஆராய்ச்சியில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். இதைப் படித்துவிட்டு, "டிரிப் ஆபத்துன்னு பத்திரிகையில போட்டிருந்தாங்க" என்று எந்தத் தாயும் வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது.

பெரியவர்கள் விஷயத்திலும் 2022-இல் ஒன்று வந்தது. ஷாக் வந்த 1554 பேரில் பாதிப் பேருக்கு வழக்கம் போலவும், பாதிப் பேருக்குக் கட்டுப்படுத்திக் குறைவாகவும் திரவம் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து இரண்டு பக்கமும் இறந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு 42. குறைத்ததால் கெடுதலும் வரவில்லை, லாபமும் வரவில்லை. அதனால் இன்றைக்கு நல்ல டாக்டர்கள் 'இவ்வளவு பாட்டில்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதில்லை. கொஞ்சம் கொடுத்து, பார்த்து, மறுபடி யோசிக்கிறார்கள்.

எப்படிப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இவ்வளவு மெஷின் இருக்கிற இடத்தில் நம் பாட்டி வைத்தியம் மாதிரி இரண்டு சோதனை! ஒன்று, படுத்திருப்பவரின் காலைத் தூக்கிப் பிடிப்பது. காலில் தேங்கியிருக்கும் கால் லிட்டருக்கு மேலான இரத்தம் இருதயத்துக்கு ஓடி வரும். அப்போது இருதயம் கூடுதலாகத் தள்ளினால், பாட்டில் போட்டால் பிரயோஜனம் உண்டு. தள்ளாவிட்டால் வேண்டாம். காலை இறக்கினால் இரத்தம் பழையபடி போய்விடும், நஷ்டம் ஏதுமில்லை. மயங்கி விழுந்தவரைப் படுக்க வைத்துக் காலுக்கு அண்டை கொடுப்பார்களே நம் வீட்டுப் பெரியவர்கள், அதே வித்தை.

இரண்டாவது, விரல் நுனியை அழுத்திப் பார்ப்பது. பத்து வினாடி அழுத்தினால் வெளுக்கும். விட்டால் மூன்று வினாடிக்குள் இரத்தம் திரும்பிச் சிவக்க வேண்டும். தாமதித்தால் கடைமடைக்கு வரத்து சரியில்லை. 2019-இல் தென் அமெரிக்காவில் ஐந்து நாடுகளைச் சேர்ந்த 28 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 424 நோயாளிகளில் ஒரு பாதிக்கு லாக்டேட் பரிசோதனையைப் பார்த்தும், மறு பாதிக்கு இந்த விரல் சோதனையைப் பார்த்தும் வைத்தியம் செய்தார்கள். விரலைப் பார்த்தவர்கள் மோசமாகிவிடவில்லை. கொஞ்சம் தேவலை என்று சொல்லும்படிதான் இருந்தது. காசு செலவில்லாத சோதனை! (குளிர்ந்த கையில் தாமதமாகத்தான் சிவக்கும், பாத்திரம் தேய்த்துவிட்டு வந்து உடனே அழுத்திப் பார்த்து பயந்துவிடாதீர்கள்.) கூடவே, சிறுநீர் மணிக்கு மணி அளக்கிறார்கள். கிலோவுக்கு அரை மில்லியாவது பிரிய வேண்டும். அக்காவுக்கு மணிக்கு 27, 28 மில்லி, ஒரு சின்ன முட்டைக்கரண்டி அளவு. அது வரவில்லை என்றுதான் முதல் நாள் டாக்டர் முகம் அப்படி இருந்தது.

இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி சமாச்சாரம், நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் பின் வீட்டில் இருக்கும் பெரியவர் இருதயக்காரர். இரண்டு நாளாகச் சோர்வு, கொஞ்சம் மூச்சு வாங்கியது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் 'வீக்னஸ்' என்று இரண்டு பாட்டில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இராத்திரி இரண்டு மணிக்கு மனுஷர் படுக்க முடியாமல் உட்கார்ந்து காற்றுக்குத் தவிக்கிறார். நுரையீரலில் தண்ணீர்! பெரியாஸ்பத்திரியில் சேர்த்து நீர் பிரிய ஊசி போட்டு ஆக்ஸிஜன் வைத்த பிறகுதான் உயிர் தங்கியது. இருதயம், சிறுநீரகம் பழுதுள்ளவர்களுக்கும், கடும் இரத்த சோகை உள்ளவர்களுக்கும் 'சும்மா ஒரு பாட்டில்' என்பதே கிடையாது.

இளம் தாய்மார்கள் டெங்குவைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் சந்தோஷப்படும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் அதில் கண்டம். அப்போதுதான் இரத்தக் குழாய் கசியும். எல்லாரும் 'பிளேட்லெட் எவ்வளவு, பிளேட்லெட் எவ்வளவு' என்றே கேட்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று ஓர் எண் இருக்கும், அதையும் கேளுங்கள். தண்ணீர் கசிந்து இரத்தம் கெட்டிப்பட்டால் அது ஏறும். திரவம் எவ்வளவு கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வது பெரும்பாலும் அதை வைத்துத்தான். ஒன்றிரண்டு நாளில் கசிவு நின்று, வெளியேறிய நீர் தானாகவே குழாய்க்குள் திரும்பும். அப்போதும் பாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் மூச்சுத் திணறல் வரும். ஆகவே "ஏன் குறைக்கிறீங்க" என்று சண்டை பிடிக்க வேண்டாம். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், குழந்தை துவண்டு போவது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சாதாரண வாந்தி பேதிக்கு, குடிக்க முடிகிற குழந்தைக்கு, பாட்டிலை விட நல்லது நம் கையிலேயே இருக்கிறது. 1971-இல் வங்காளதேச அகதிகள் பொங்காவ்ன் முகாமில் காலராவில் கொத்துக் கொத்தாக விழுந்தபோது ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்து போயிற்று. கல்கத்தா டாக்டர் திலீப் மஹலனாபிஸ் சர்க்கரை, உப்பு, சோடா உப்பு மூன்றையும் டிரம்மில் கரைத்து, சொந்தக்காரர்களையே டம்ளர் டம்ளராக மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த இடத்தில் நாலு பேருக்கும் கீழே குறைந்தது! ஓ.ஆர்.எஸ். என்று இன்று கடையில் விற்பதன் பெருமை அது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், கால் பாக்கெட், அரை பாக்கெட் வேலை கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூனால் மெதுவாக.

இன்னொரு விஷயம். மருந்துச் சீட்டு வைக்கும் பையில் வீட்டில் ஒவ்வொருவரின் எடையையும், கடைசியாகப் பார்த்த ஹீமோகுளோபினையும் எழுதி வையுங்கள். திரவக் கணக்கு முழுக்கக் கிலோ கணக்கு என்று மேலே பார்த்தோமே, அக்காவைச் சேர்த்த இராத்திரி எடை கேட்டதற்கு அவர் வீட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ சாப்பிடும் மாத்திரை இருந்தால், டிரிப் மாட்டும் முன்பே வாய் திறந்து சொல்லிவிட வேண்டும்.

ஹீமோகுளோபினை நம் அடுப்படியிலிருந்தே எப்படி ஏற்றுவது, கேழ்வரகு, முருங்கைக்கீரை, சுண்டைக்காய் இவற்றோடு எதைச் சேர்த்தால் இரும்புச் சத்து உடம்பில் ஒட்டும் என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன். அதுவரை, சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.